பொது இல்லத்தின் வாசலில் நாய்

மேனாட்டு மதுச்சாலையொன்றின் வாசலிலே நாய்க்கு நீர் வைக்கப்பட்டிருப்பதைப் பற்றித் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரொன்றில் ஆராய்வது சிலருக்கு நகைப்பையும் சிலருக்குச் சினத்தையும் தரக்கூடும். இலக்கியமும் வரலாறும் பேசப்பட வேண்டிய பக்கங்களில் குடிக்கும் இடத்துக்கும் நாய்க்கும் என்ன வேலை என்று அவர்கள் வினவலாம். அவ்வினா நியாயமானதே. ஆயினும், ஒரு சமூகம் தன்னைப் பற்றி எழுதிவைக்கும் நூல்களில் வெளிப்படுவதைக் காட்டிலும், தான் யாரை உள்ளே அழைக்கிறது, யாரை வாசலில் நிறுத்துகிறது என்பதிற் கூடுதலாக வெளிப்பட்டுவிடுகிறது. கோயிலின் வாசலும் பள்ளிக்கூடத்தின் வாசலும் தேநீர்க்கடையின் வாசலும் எத்துணை முக்கியமானவை என்பதை யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றை அறிந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவ்வகையில் மதுச்சாலையின் வாசலும் விமர்சனத்துக்கு உரியதே.

கடந்த இருபதாண்டுகளிலே பிரித்தானிய நகரங்களிற் பெருகிய ஒருவகை மதுச்சாலையே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அங்கு பெருந்தொழிற்சாலைப் பியருக்கு மாறாகக் ‘கைவினைப் பியர்’ எனப் பெயர்பெற்ற பானம் விற்கப்படும். வாடிக்கையாளர் தம் வளர்ப்பு நாயையும் உடன் அழைத்துவரலாம் என்பது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருக்கும். இவ்விரு கூறுகளும் தற்செயலாக ஒன்று சேர்ந்தவையல்ல. இரண்டுக்கும் பின்னால் ஒரே வரலாறும் ஒரே வணிக மனப்பாங்கும் உள்ளன. இந்த வரவேற்பு உண்மையில் யாருக்குரியது என்பதே இக்கட்டுரை விடைகாண முயலும் வினாவாகும்.

இத்தகைய இடமொன்றுக்குப் புதிதாகச் செல்பவர் காண்பவை பெரும்பாலும் ஒரே தன்மையன. வாசலருகே நீர் நிரம்பிய கிண்ணம் இருக்கும். விற்பனை மேசையின்மீது நாய்களுக்கான பிசுக்கோத்துச் சாடி இருக்கும். அதன் பின்னே கரும்பலகையிற் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்ட நீண்ட பட்டியல் காணப்படும். பியரின் பெயர், அதனை வடித்த சிறு ஆலையின் பெயர், சேர்க்கப்பட்ட ஹொப் பூவின் இனம், மதுசாரத்தின் வீதம், விலை என்பன அதில் நிரல்பட இருக்கும். பூச்சு நீக்கப்பட்ட செங்கற் சுவரும், மூடியின்றித் தொங்கும் மின்குமிழும், பழைய தொழிற்சாலையிலிருந்து எடுத்துவந்தாற் போன்ற நீண்ட வாங்குகளும் அறையை நிரப்பும். வாங்கின் கீழே நாய்கள் படுத்திருக்கும். முன்பின் அறியாத இருவர் நாயின் பெயரையும் வயதையும் வினவிப் பேசத் தொடங்குவர். இக்காட்சி இனிமையானது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு காட்சி இனிமையானது என்பதனால் அதனை ஆராயாது விடலாகாது. உழைப்பின் அடையாளமான தொழிற்சாலை இங்கு உழைப்பாளி இல்லாத அலங்காரமாகியிருக்கிறது என்பது முதற்கண் மனங்கொள்ளத்தக்கது.

‘பப்’ என இன்று சுருங்கிவிட்ட ஆங்கிலச் சொல்லின் முழு வடிவம் ‘பொது இல்லம்’ எனப் பொருள்படும். இல்லம் என்பது தனியாருக்குரியது. பொது என்பது யாவருக்கும் உரியது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிய இச்சொல்லிலே ஒரு வாக்குறுதி அடங்கியுள்ளது. காசு கொடுத்துக் குடிக்கும் இடமே ஆயினும், வருபவர் விருந்தினராக நடத்தப்படுவார் என்பதே அவ்வாக்குறுதி. பப்பின் வரலாறு முழுவதையும் இவ்வாக்குறுதி எந்த அளவுக்குக் காப்பாற்றப்பட்டது என்ற வினாவைக் கொண்டே மதிப்பிடலாம்.

நாய் இவ்வரலாற்றுக்குப் புதியதன்று. வில்லியம் ஹோகாத் 1751 இல் வெளியிட்ட ‘பியர்த் தெரு’, ‘ஜின் சந்து’ என்னும் இரு செதுக்கோவியங்களை இங்கு நினைவுகூரலாம். மலிவான ஜின் என்ற சாராயத்தின் கேட்டை உணர்த்தவும், அவ்வாண்டில் நிறைவேறிய ஜின் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு ஆதரவு திரட்டவும் அவை பயன்பட்டன. ஜின் சந்திலே பசியால் மெலிந்த மனிதனொருவனும் நாயொன்றும் ஒரே எலும்பை இருபுறமும் பற்றிக் கடிக்கின்றனர். மனிதனும் நாயும் ஒரே நிலைக்கு வந்துவிட்டமை அங்கு வீழ்ச்சியின் குறியீடாகும். பியர்த் தெருவிலோ கொழுத்த உழைப்பாளிகள் நுரை ததும்பும் குவளைகளுடன் மகிழ்ந்திருக்கின்றனர். அடகுகடைக்காரனின் கடை மட்டுமே சரிந்து கிடக்கிறது. பியர் ஒழுங்கின் பானம், ஜின் அழிவின் பானம் என்ற இப்பிரிவு ஆளும் வர்க்கத்தின் ஒழுக்கநெறிக்கு ஏற்ற பிரிவே. ஆயினும் ஹோகாத் உண்மைக் கலைஞர். பியர்த் தெருவிலும் கந்தல் உடையுடன் மெலிந்து நிற்கும் ஒருவனை அவர் வரையத் தவறவில்லை. மதுச்சாலையின் விளம்பரப் பலகையைத் தீட்டும் ஓவியனே அவன். செழிப்பின் விளம்பரத்தை எழுதுபவனுக்குச் செழிப்பிற் பங்கில்லை என்பதை அந்த ஓர் உருவம் உணர்த்திவிடுகிறது. இவ்வுருவத்தை நாம் மறுபடியும் சந்திக்க நேரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனிலே பப்பினுள் நாய் வேறொரு வேலைக்காக அழைத்துச் செல்லப்பட்டது. மேல்மாடியிலோ நிலவறையிலோ அமைக்கப்பட்ட அடைப்பினுள் எலிகளை விட்டு, அவற்றை நாய் எத்தனை நிமிடங்களிற் கொல்கிறது எனப் பந்தயம் கட்டுதல் அக்கால வழக்கம். இலண்டனின் ஏழை உழைப்பாளரைப் பற்றி எழுதிய ஹென்றி மேஹியூ இத்தகைய பந்தயமொன்றை விரிவாக விவரித்துள்ளார். 1835 ஆம் ஆண்டுச் சட்டம் எருதையும் கரடியையும் நாய்களைக்கொண்டு துன்புறுத்தும் விளையாட்டுகளைத் தடைசெய்த பின்னரும் எலிப்பந்தயம் தொடர்ந்தது. காலப்போக்கில் நாயின் வீரத்தைவிட நாயின் இனமும் தோற்றமும் முக்கியத்துவம் பெற்றன. 1859 இல் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி நடைபெற்றது. 1873 இல் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் கெனல் கழகம் தோன்றியது. வேலை செய்த நாய் உடைமையாகவும், உடைமையான நாய் குடும்ப உறுப்பினராகவும் மாறிய மாற்றம், நடுத்தர வர்க்கத்தின் எழுச்சியோடு இணைந்த ஒன்றாகும். இன்றைய மதுச்சாலையின் வாங்கின்கீழ் உறங்கும் நாய் இவ்வரலாற்றின் வாரிசு. அதற்கு அங்கு செய்வதற்கு வேலை எதுவுமில்லை. அன்பு செலுத்தப்படுவதே அதன் வேலை. நாட்டுப்புறப் பப்புகளிலே உழவனின் நாய் அடுப்பருகே படுத்திருந்தது உண்மையே. ஆனால் அதனை வரவேற்பதாக எவரும் அறிவித்ததில்லை. வரவேற்பு அறிவிக்கப்படும்போதே அது விற்பனைக்கு வந்துவிடுகிறது.

நாய் உள்ளே இருந்த காலத்தில் மனிதர் யாவரும் உள்ளே இருக்கவில்லை. 1930களின் பிற்பகுதியிற் போல்ற்றன் நகரத்துப் பப்புகளை நேரில் நோக்கி ஆராய்ந்து 1943 இல் வெளிவந்த ‘பப்பும் மக்களும்’ என்ற நூல் இவ்வகையிற் பயன்மிக்கது. ஒரே கூரையின்கீழ்ப் பல அறைகள் இருந்தமையையும், அறைக்கேற்ப ஆட்களும் பழக்கங்களும் வேறுபட்டமையையும் அந்நூல் காட்டுகிறது. உழைப்பாளர் நின்று குடிக்கும் அறையிலும், மெத்தையிட்ட நாற்காலிகள் உள்ள அறையிலும் ஒரே பியரே விற்கப்பட்டது. ஆனால் பின்னதில் அதற்கு ஒரு பென்னி கூடுதலாக அறவிடப்பட்டது. அந்த ஒரு பென்னியே வர்க்கத்தின் வேலியாயிற்று. முன்னைய அறையிற் பெண்களுக்கு இடமிருக்கவில்லை. இலண்டன் பிளீற் தெருவிலே பத்திரிகையாளரும் வழக்கறிஞரும் கூடிய மதுச்சாலையொன்றில், மேசையருகே நின்று மது வாங்கப் பெண்களுக்கு இருந்த தடை 1982 இலேயே மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பினால் அகற்றப்பட்டது. பாலடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுக்கும் சட்டம் 1975 இல் இயற்றப்பட்ட பின்னரும் இதற்கு ஏழாண்டுகள் தேவைப்பட்டன.

நிறத்தின் வேலி இதனிலும் கொடியது. 1965 பெப்ரவரி 12 ஆம் நாள், தாம் கொல்லப்படுவதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர், அமெரிக்கக் கறுப்பினத் தலைவரான மல்கம் எக்ஸ் பேர்மிங்ஹாமை அடுத்த சிமெதிக் நகருக்குச் சென்றார். இந்தியத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த அவ்தார் சிங் ஜோல் அவரை அவ்வூர்ப் பப்பொன்றுக்கு அழைத்துச் சென்றார். வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட அறையில் அவர்களுக்கு மது வழங்க மறுக்கப்பட்டது. சுற்றியிருந்த வார்ப்பாலைகளில் உழைத்த பஞ்சாபியர் பொது அறையில் நின்று குடிக்கலாம், மற்றைய அறைக்குள் வரலாகாது என்பதே அங்கு நிலவிய வழக்கம். அவ்வாண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த இன உறவுச் சட்டமே இத்தகைய பொது இடங்களில் நிறத் தடையைச் சட்டவிரோதமாக்கியது. இன்றைய கைவினைப் பியர்ச் சாலைகளின் கரும்பலகையில் அடிக்கடி முதலிடம் பெறும் பானத்தின் பெயர் ‘இந்தியா பேல் ஏல்’ என்பதாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயருக்காகக் கப்பலேற்றப்பட்ட பியரின் வழிவந்த பெயர் அது. இந்தியாவின் பெயர் பீப்பாயில் ஏறியிருந்தது. இந்தியன் அறைக்குள் ஏறமுடியவில்லை. குடியேற்ற ஆட்சியின் வரலாற்றைச் சுருக்கிக் கூற இதனினும் பொருத்தமான சான்று அரிது.

இப்பின்னணியிலே ஜோர்ஜ் ஓவெல் 1946 பெப்ரவரியில் ‘ஈவினிங் ஸ்ரான்டாட்’ பத்திரிகைக்கு எழுதிய ‘நீரின் கீழ் நிலா’ என்னும் சிறு கட்டுரை நோக்கற்பாலது. தாம் விரும்பும் பப்பை அதில் அவர் வருணிக்கிறார். உரையாடலைக் குலைக்கும் இரைச்சல் அங்கில்லை. பரிமாறும் பெண்கள் வாடிக்கையாளரைப் பெயரளவிலேனும் அறிவர். பின்புறத்துத் தோட்டத்திற் குழந்தைகள் விளையாடுவர். குடும்பமே அங்கு வரலாம். ஈற்றில், இத்தகைய பப் எதுவும் தமக்குத் தெரிந்தவரையில் இல்லை என அவர் ஒப்புக்கொள்கிறார். பொது இல்லம் என்ற வாக்குறுதி நிறைவேறாத கனவே என்பதை இதனிலும் நேர்மையாக வேறொருவர் கூறவில்லை எனலாம். ஓவெலின் கனவிலே பானத்தின் அருமை பெரிதன்று; அங்கு கிடைக்கும் மனிதத் தொடர்பே பெரிது. இந்த அளவுகோலைக் கொண்டே இன்றைய மதுச்சாலையையும் அளத்தல் தகும்.

கைவினைப் பியரின் தோற்றத்தை அதன் பொருளாதார அடித்தளத்தினின்றும் பிரித்து விளங்கிக்கொள்ள முடியாது. பிரித்தானியாவிற் சில பெருநிறுவனங்கள் ஆலைகளையும் பப்புகளையும் ஒருங்கே கைப்பற்றி, எங்கும் ஒரே சுவையுள்ள பியரை விற்றமைக்கு எதிராக 1971 இல் மெய்யான ஏலுக்கான இயக்கம் தோன்றியது. ஐக்கிய அமெரிக்காவில் வீட்டிற் பியர் வடித்தலை மத்திய அரசு 1978 இல் அனுமதித்தமை அங்கு புதிய சிற்றாலைகளுக்கு வழிவகுத்தது. 1989 இற் பிரித்தானிய அரசு, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பப்புகளை வைத்திருந்த ஆலைகளின் பிடியைத் தளர்த்த ஆணை பிறப்பித்தது. விளைவு எதிர்பார்த்தவாறு அமையவில்லை. ஆலைகளின் கையிலிருந்த பப்புகள் பல, நிலத்தையும் கட்டடத்தையும் முதலீடாகக் கருதும் கம்பனிகளின் கைக்கு மாறின. 2002 இல் ஆண்டுக்கு 5,000 ஹெக்ரோலீற்றருக்கு, அதாவது ஐந்து இலட்சம் லீற்றருக்கு, மேற்படாமல் வடிக்கும் ஆலைகளுக்குத் தீர்வை பாதியாகக் குறைக்கப்பட்டது. கைவினையின் மறுமலர்ச்சி எனப் போற்றப்படுவதன் பின்னணியில் இவ்வரிச்சலுகைக்குக் கணிசமான பங்குண்டு.

சிற்றாலை வெற்றிபெற்றதும் பெருமுதல் அதனை நாடி வந்தது. இலண்டனின் கம்டன் ரவுண் ஆலையை உலகின் மிகப்பெரிய பியர் நிறுவனம் 2015 இல் விலைக்கு வாங்கியமை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ‘கைவினை’ என்ற சொல் வடிப்பவனின் கையைக் குறித்த காலம் போய், ஒரு தோற்றத்தைக் குறிக்கும் காலம் வந்தது. ஹோகாத்தின் விளம்பர ஓவியனை இங்கு நினைவுகூரலாம். அவன் தீட்டிய பலகை இன்று கரும்பலகையாகியிருக்கிறது.

நாயையும் கைவினைப் பியரையும் பெயரிலேயே இணைத்துக்கொண்ட புறூடோக் நிறுவனத்தின் கதை இப்போக்கின் முழு வடிவமாகும். ஸ்கொத்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள பிறேசபேர்க்கில் ஜேம்ஸ் வாற், மாட்டின் டிக்கி என்னும் இளைஞர் இருவர் 2007 இல் இதனைத் தொடங்கினர். 2010 இல் அபர்டீனில் அவர்களது முதலாவது மதுச்சாலை திறக்கப்பட்டது. பெருநிறுவனங்களுக்கு எதிரான கலகக்காரர் என்றே அவர்கள் தம்மை அறிமுகஞ்செய்தனர். 2009 தொடக்கம் குடிப்பவர்களுக்கே பங்குகளை விற்றனர். காலப்போக்கிற் பங்கு வாங்கியோர் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் 2017 இல் நிறுவனத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டதை அமெரிக்க முதலீட்டு நிறுவனமொன்று வாங்கியது. அதே 2017 இலேதான், புதிதாக நாயொன்றை வளர்க்கத் தொடங்கும் ஊழியருக்கு ஒரு வாரச் சம்பளத்துடனான விடுமுறை வழங்கப்படும் என்ற அறிவிப்பும் வெளியானது. பத்திரிகைகள் அதனைப் பெரிதும் பாராட்டின.

அதற்குப் பின் நிகழ்ந்தவற்றை அப்பாராட்டுடன் ஒருங்கே வைத்து நோக்க வேண்டும். 2021 யூனில் முன்னாள் ஊழியர் பலர் கையொப்பமிட்ட பகிரங்கக் கடிதமொன்று, அங்கு அச்சத்தின் சூழல் நிலவியதாகக் குற்றஞ்சாட்டியது. நிறுவனம் மன்னிப்புக் கோரியது. 2024 சனவரியில், வாழ்க்கைச் செலவுக்கேற்பக் கணிக்கப்படும் ‘மெய்யான வாழ்க்கைக்கூலி’யைப் புதிய ஊழியருக்கு வழங்குவதை நிறுத்தி, சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலிக்குத் திரும்புவதாக நிறுவனம் அறிவித்தது. 2025 இற் பத்து மதுச்சாலைகள் மூடப்பட்டன. அபர்டீனின் முதலாவது மதுச்சாலையும் அவற்றுள் அடங்கும். செலவினம் உயர்ந்தமையே இம்முடிவுகளுக்குக் காரணமாகக் கூறப்பட்டது. அது பொய்யென்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், இக்கட்டான வேளையில் எது கைவிடப்படுகிறது என்பதே ஒரு நிறுவனத்தின் உள்ளத்தைக் காட்டும். நாயின் பொருட்டு ஊழியனுக்கு விடுமுறை அளிப்பதற்கான செலவு சிறிது. அது ஈட்டும் புகழ் பெரிது. ஊழியனின் கூலி பெருஞ்செலவு. அதனாற் கிடைக்கும் விளம்பரம் சிறிது. எனவே கலகம் நாயின்பால் தாராளமாகவும், குவளை கழுவுபவன்பால் சிக்கனமாகவும் நடந்துகொண்டது.

இம்முடிவை அவசரமாகப் பொதுமைப்படுத்துதல் விமர்சன நேர்மையாகாது. நாய் அனுமதிக்கப்படும் மதுச்சாலையால் விளைந்த நன்மைகளும் உள்ளன. இங்கிலாந்தில் 2007 இல் நடைமுறைக்கு வந்த புகைத்தல் தடையின் பின்னர் புகை நீங்கிய அறைகளிற் பெண்களும் முதியோரும் முன்னரிலும் இயல்பாக வந்தமரக் கூடியதாயிற்று. அறைகளைப் பிரித்த பழைய சுவர்கள் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டன. தனித்து வாழும் ஒருவர் தம் நாயுடன் வந்து, அதன் பொருட்டுப் பிறருடன் நான்கு வார்த்தை பேசித் திரும்புதல் அற்பமான செய்தியன்று. மனிதரிடையே அறுந்துபோன தொடர்பை நாயின் கழுத்துவார் இணைக்கிறது எனலாம். ஓவெல் கண்ட கனவின் ஒரு கூறு இதனால் நிறைவேறுகிறது என்றே கொள்ள வேண்டும். நாய்க்கு அஞ்சுவோரும் நாயினின்று விலகியிருக்க விரும்புவோரும் உண்டு. அவர்களது மனத்தடையும் பொருட்படுத்தத்தக்கதே. ஆயினும் இக்கட்டுரையின் முதன்மையான ஐயம் அதுவன்று.

நாயைத் துணைகொண்டாலன்றி மனிதன் மனிதனோடு பேசமுடியாத நிலையை உருவாக்கியது யாது? அத்தொடர்பு ஏன் விலை கூடிய குவளையொன்றுடன் சேர்த்தே விற்கப்படுகிறது? இவையே முதன்மையான வினாக்கள். பழைய ஒரு பென்னி வேறுபாடு மறைந்துவிடவில்லை. அறைக்கும் அறைக்குமிடையே இருந்த அது, இன்று மதுச்சாலைக்கும் மதுச்சாலைக்குமிடையே இடம்பெயர்ந்துள்ளது. மலிந்த விலைக்குப் பெயர்பெற்ற வெதர்ஸ்பூன் நிறுவனம் தன் பப்புகளில் உதவி நாய்கள் தவிர்ந்த ஏனைய நாய்களுக்கு இடமில்லை என 2018 இற் கண்டிப்பாக அறிவித்தது. அந்நிறுவனத்தின் பப்புகள் சிலவற்றுக்கு ஓவெலின் கட்டுரைப் பெயரே சூட்டப்பட்டிருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒரு நிறுவனத்தின் முடிவினின்றும் பொதுவிதி வகுக்க இயலாது. எனினும், பார்வையற்றவரின் வழிகாட்டி நாய்க்கு இடமளிப்பது 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி கடமையாகும். ஏனைய நாய்க்கு இடமளிப்பது வணிகரின் விருப்பமாகும். முன்னது உரிமை, பின்னது சலுகை. உரிமைக்கு விளம்பரம் தேவைப்படுவதில்லை. சலுகையே தன்னைப் பலகையில் எழுதிக்கொள்கிறது. கழுத்துப்பட்டையற்ற நாய்க்கும், குவளை வாங்கக் காசற்ற மனிதனுக்கும் அப்பலகையில் எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை.

மேனாட்டாரின் இக்கோலத்தைக் கண்டு நகைப்பது எளிது. நகைக்குமுன் நம் வாசல்களையும் நோக்குதல் வேண்டும். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதியின் பெயரால் உணவுக்கடை போன்ற பொது இடங்களில் அனுமதி மறுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. சட்டம் பிறந்தும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகள் பல திறக்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் வெளியே நின்று, வேறாக வைக்கப்பட்ட பாத்திரத்தில் தேநீர் அருந்த வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திற் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசமும் ஆலயப் பிரவேசமுமே அவ்வாசல்களை அசைத்தன. 1972 இல் வெளிவந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ இப்போராட்டச் சூழலின் இலக்கியப் பதிவாகும். தவறணையிலோ பெண் மது வாங்குவதைத் தடைசெய்த 1979 ஆம் ஆண்டு மதுவரி அறிவித்தலை நிதியமைச்சு 2018 சனவரியில் நீக்கியபோது, சில நாட்களுக்குள் சனாதிபதியின் தலையீட்டினால் அம்முடிவு மீளப்பெறப்பட்டது. குடித்தல் நன்றா தீதா என்பது வேறு வினா. ஒருவருக்குத் திறந்த வாசல் மற்றொருவருக்கு எந்நெறிப்படி மூடப்படுகிறது என்பதே இங்கு கேட்கப்படுவது. சிமெதிக்கின் அறையும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடையும் ஒரே பத்தாண்டில் ஒரே வினாவை எதிர்நோக்கின. அவ்விரு வாசல்களும் உரிமையாளரின் நல்லெண்ணத்தினால் திறக்கப்படவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர் உள்ளே வந்தமையாற் திறந்தன.

நாயைப் பற்றித் தமிழ் மரபு ஒரே நிலைப்பாட்டைக் கொண்டிருந்ததில்லை. பத்திப் பாடல்களில் ‘நாயேன்’ என்பது தாழ்மையின் எல்லை. நாலடியாரோ யானை போன்றாரின் நட்பினும் நாய் போன்றாரின் நட்பே மேலென வைத்தது. இவற்றினும் இங்கு பொருந்துவது வியாச பாரதத்தின் மகாபிரஸ்தானிக பர்வத்தில் வரும் நிகழ்ச்சியாகும். உடன்பிறந்தாரும் மனைவியும் வழியில் வீழ்ந்தபின், தன்னைத் தொடர்ந்து வந்த நாயொன்றுடன் தருமன் தேவலோகத்தின் வாசலை அடைகிறான். நாய்க்கு அங்கு இடமில்லை என இந்திரன் கூற, அடைக்கலமென வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டாமெனத் தருமன் மறுக்கிறான். நாய் அறக்கடவுளாக வெளிப்படுகிறது. அந்நாய் தருமனின் உடைமையன்று. அது எவ்வினத்தைச் சேர்ந்தது என எவரும் வினவவில்லை. அதனை உள்ளே விடுவதால் எவருக்கும் இலாபம் இருக்கவில்லை. அதனை விட்டுவிடுவதால் மட்டுமே இலாபம் இருந்தது. அவ்விடத்தில் வாசலே சோதனைக்குள்ளாயிற்று.

நாயை வரவேற்கும் மதுச்சாலையின் வாசலில் அத்தகைய சோதனை எதுவும் நிகழ்வதில்லை. அங்கு நாய் காசுள்ள துணையுடன் வருகிறது; துணைக்கே கதவு திறக்கிறது. அந்த மதுச்சாலை அன்பற்றது என்பது இதன் பொருளன்று. அதன் அன்பு, வாங்கும் ஆற்றலின் எல்லையோடு நின்றுவிடுகிறது என்பதே பொருள். நீர்க்கிண்ணத்தை அகற்ற வேண்டும் என்று எவரும் கோரவில்லை. நாய்க்கு வைக்கப்பட்ட நீர் நல்லதே. அதனை நிரப்பும் ஊழியனுக்கு வாழப் போதிய கூலி கிடைப்பதும், குவளையின் விலையைக் கண்டு வெளியே நிற்பவருக்கும் அமர ஓரிடம் கிடைப்பதுமே அது ‘பொது இல்லம்’ என்ற பெயருக்கு உரியதா என்பதைத் தீர்மானிக்கும். பேர்மிங்ஹாமின் மதுச்சாலையாயினும் யாழ்ப்பாணத்தின் தேநீர்க்கடையாயினும், ஒரு வாசலை மதிப்பிட விரும்புவோர் அதன் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடாது, பலகையிற் பெயர் எழுதப்படாதவர் எங்கே நிற்கின்றனர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.